தரையிலும் தூறல்

“நீ புருவத்தைத் தூக்கினா ரேடியோவுல எனக்கு எப்படிம்மா தெரியும்?”

வாசிலி ஒருமுறை அகாஃபியாவிடம் இப்படிக் கேட்டார். அவள் ஓடுதள வேலையில் சேர்ந்த முதல் வாரம் அது. மேலே விமானத்திலிருந்து அவர், “காத்து அடங்கியிருக்கா?” என்று கேட்க, அவள் கீழே சரளைத் தளத்தின் ஓரத்தில் ரேடியோவைக் கையில் பிடித்துக்கொண்டு, ஊரில் எல்லோரும் ஆமாம் என்பதற்குச் செய்வதுபோலப் புருவத்தைத் தூக்கிக் காட்டினாள். அவர் மறுபடி கேட்டார். அவள் மறுபடி தூக்கினாள், இந்தத் தடவை இன்னும் நன்றாக. விமானம் தலைக்கு மேல் வெறுமனே சுற்றிவிட்டுத்தான் இறங்கியது.

அன்று இருட்டுவதற்குள் கதை ஆற்றின் இரண்டு கரைக்கும் போய்விட்டது. கடையில் பார்த்தவர்கள் எல்லாம், “ஏ அகாஃபியா, மூக்கை மட்டும் சுருக்கிடாத, இல்லேன்னு நினைச்சு ப்ளேன் அப்படியே திரும்பிடும்” என்றார்கள். அவள் காது சிவந்து வீட்டுக்கு ஓடி வந்தாள். அக்கா மத்ரோனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, “ஒரு வார்த்தை போதும்டி. தெரியுது, தெரியல, நல்லா இருக்கு, நல்லா இல்ல. அவ்வளவுதான் வேலையே” என்றாள்.

பேசுவதென்றாலே அகாஃபியாவுக்கு ஆகாது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே பென்சிலைத் தேடுவதுபோலக் குனிந்துகொள்வாள். ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் கரும்பலகைக்கு முன்னால் நிற்கவைத்தார்கள். நின்றாள். மணி அடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தாள். மறுநாள் போகவில்லை, அதற்கடுத்த நாளும் போகவில்லை. அம்மாவும் அப்பாவும் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தார்கள். வற்புறுத்த இருந்தவள் மத்ரோனா ஒருத்திதான். அவள் வற்புறுத்தவில்லை. “பேசறதுக்கு நான் இருக்கேன். உனக்கும் சேர்த்துப் பேசிக்கிறேன்” என்றாள். விமானக் கம்பெனிக்கு ஊரில் ஓர் ஆள் தேவை என்று தெரிந்ததும், அவர்களிடம் பேசி இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். தபாலையும் சாமான்களையும் ஆட்களையும் நாலு சக்கர வண்டியில் ஏற்றி ஊருக்குள் கொண்டுவர வேண்டும். விமானம் வரும்போது ரேடியோவில் பதில் சொல்ல வேண்டும். “மூஞ்சியைப் பார்த்துப் பேச வேண்டாம்ல, உனக்குன்னே செஞ்ச வேலை” என்றாள் மத்ரோனா.

அந்த மத்ரோனாதான் இன்றைக்கு வருகிறாள், கைக்குழந்தையோடு.

ஊரில் யாருக்கும் ஊரில் பிரசவம் நடப்பதில்லை. நாள் நெருங்குவதற்கு ஒரு மாதம் முன்பே பெத்தல் நகரத்துக்குப் போய், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து விடுதியில் காத்திருக்க வேண்டும். மத்ரோனா போனபோது குஸ்கோக்விம் ஆற்றில் படகு ஓடிக்கொண்டிருந்தது. இப்போது ஆறு உறைய ஆரம்பித்திருந்தது. படகு போக முடியாத அளவுக்குப் பனி, வண்டி போக முடியாத அளவுக்குத் தண்ணீர். வருஷத்தில் இந்தச் சில வாரங்கள் ஊருக்கு வழி என்று இருப்பது வானம் மட்டும்தான். அதுவும் மூடிக் கிடந்தது. விமானம் வருகிறது வருகிறது என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொரு நாளும் வராமல் போயிற்று. மத்ரோனாவின் புருஷன் யாக்கோ வீட்டைக் கூட்டிக் கூட்டியே தரையைத் தேய்த்துவிடுவான் போலிருந்தது.

“அத்தான், விடுங்க. தரை தேஞ்சு அடியில தண்ணி வந்துடும்” என்று அகாஃபியா சொன்னாள். வீட்டுக்குள் அவளுக்கு வாய் இருந்தது.

“உங்க அக்கா வந்து ஒரு மீன் செதில் பார்த்தாப் போதும், என்னைப் பொளந்துடுவா. உனக்கென்ன, நீ செல்லம்” என்றான் யாக்கோ. மூஸ் மான் கறி சூப் அடுப்பில் கொதித்தது. கொழுப்பையும் காட்டுப்பழத்தையும் கையாலேயே அடித்து ஒரு பெரிய கிண்ணம் நிறைய அகுதக் செய்து வைத்திருந்தான். அது கொஞ்சம் நீர்த்துப் போயிருந்தது. அதை அவனிடம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

மத்தியானம் போன் வந்தது. மத்ரோனா கத்தினாள். “கிளம்பறோம்டி! வாசிலி அண்ணன் கூட்டிட்டுப் போறேங்கிறார். வேற யாரும் இல்ல, நாங்க மட்டும்தான். பாப்பாவுக்கு உன் மூக்கு, பாவம்.”

தெற்குக் காற்று அடித்து அன்றைக்குக் குளிர் விட்டிருந்தது. கையுறை இல்லாமல் நடக்கலாம். ஊரே வெளியே வந்து, “இன்னைக்கு நல்ல நாளு” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது. மேகம் தாழ்வாக இருந்தாலும் அதற்குக் கீழே எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கூடவே ஒரு தூறல். தூறல் என்றுகூடச் சொல்ல முடியாது. மாவு சலிப்பதுபோல் மேலேயிருந்து ஏதோ இறங்கிக்கொண்டிருந்தது. முகத்தில் பட்டது தெரியாது. துடைத்தால் கை ஈரமாகும்.

அகாஃபியா வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுதளத்துக்குப் போனாள். யாக்கோ பின்னால் உட்கார்ந்து வந்தான். போய்ச் சேர்வதற்குள் வண்டியின் முன் கண்ணாடி மங்கிவிட்டது. விரலால் துடைத்துப் பார்த்தாள், போகவில்லை. நகத்தால் சுரண்டினாள். கண்ணாடி மேல் இன்னொரு கண்ணாடி ஒட்டியிருந்தது. அவள் சட்டையின் கையும் விறைத்து, மடக்கினால் மேலே படிந்த பனி மொறமொறவென்று உடைந்தது.

“ஐயோ, தளம் வழுக்குதே” என்று யாக்கோ வேண்டுமென்றே சறுக்கிக் காட்டினான். அப்பா ஆனதிலிருந்து அவனுக்குக் கால் தரையில் இல்லை.

ரேடியோ கரகரத்தது. “அகாஃபியா, வாசிலி பேசறேன். உங்க மகாராணி பின்னாடி தூங்கறா. சின்ன மகாராணி என்னை மொறைச்சுப் பார்க்குது. கீழ எப்படி இருக்கு? அந்தக் கோடி விளக்கு தெரியுதா?”

“தெரியுது” என்றாள் அகாஃபியா.

“காத்து?”

“தெக்க இருந்து. கொஞ்சமா.”

“சரி. மேகத்துல கொஞ்சம் பனி ஒட்டுது. கீழ வந்தா விட்டுடும். வர்றேன்.”

அகாஃபியா ரேடியோ பொத்தானில் விரலை வைத்தாள். விறைத்த சட்டைக் கையைப் பார்த்தாள். இங்கேயும் தூறுகிறது, விழுந்தது விழுந்த இடத்திலேயே உறைகிறது என்று சொல்லலாமா? வாசிலி அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே பறக்கிறவர். அந்த ஊரில் பெரியவர்களாகக் கேட்காதவரை, அவர்கள் வேலையைப் பற்றி அவர்களிடம் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். வேட்டைக்குப் போகிறவனிடம் வலது பக்கம் போ என்று சொல்ல மாட்டார்கள். அப்படிச் சொன்னால், உனக்குத் தெரியாது என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. கேட்டால் பதில். கேட்காவிட்டால் அவருக்குத் தெரிந்திருக்கும் என்று அர்த்தம். அவர் விளக்கைக் கேட்டார், காற்றைக் கேட்டார். இரண்டுக்கும் உண்மையைத்தான் சொன்னாள்.

அக்கா வரவேண்டும் என்ற ஆசையும் இருந்தது. இல்லையென்று சொல்ல முடியாது.

விரலை எடுத்துவிட்டாள்.

மேகத்துக்குள்ளிருந்து முதலில் சத்தம் வந்தது, பிறகு வெளிச்சம். விமானம் வெளியே வந்தபோது யாக்கோ இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான். அகாஃபியாவுக்கு ஏதோ வித்தியாசமாகப் பட்டது. வழக்கமாக வாசிலி மிதந்து வருவார். இன்றைக்கு வேகமாக, கனமாக, முழு எஞ்சினையும் போட்டு உறுமிக்கொண்டு வந்தார். முன் கண்ணாடி முழுக்க வெள்ளை. பக்கத்து ஜன்னல் வழியாகத் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டு வருகிறார் என்பது கிட்டே வந்தபோது தெரிந்தது.

தளத்தின் முனைக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். வேகத்தைக் குறைப்பதற்காக இறக்கையின் பின்பக்க மடல்கள் கீழே இறங்கின.

அப்போது யாரோ பின்னாலிருந்து வாலைப் பிடித்து மேலே தூக்கிவிட்டதுபோல விமானம் தலைகுப்புறச் சாய்ந்தது.

அவ்வளவுதான். கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. மூக்கு கீழே போனது. அதன் பின் கொஞ்சம் நிமிர்ந்தது. நிமிர்வதற்குள் தரை வந்துவிட்டது. தளத்துக்கு முன்னால் உறைந்து கிடந்த சதுப்பில் மோதி, முன் சக்கரம் தனியே பறந்து போக, விமானம் வயிற்றால் பனியைக் கிழித்துக்கொண்டு வந்து சரளை தொடங்கும் இடத்தில் நின்றது. புரொப்பல்லர் வளைந்து போயிருந்தது. சத்தம் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுவிட்டது. யாக்கோவின் கைகள் இன்னும் மேலேயே இருந்தன.

பிறகு குழந்தை அழுதது.

இருவரும் ஓடினார்கள், விழுந்தார்கள், எழுந்து ஓடினார்கள். யாக்கோ பின் கதவை உதைத்துத் திறந்தான். மத்ரோனா தானாகவே இறங்கினாள். மேலங்கிக்குள் மார்போடு குழந்தையை இறுக்கிப் பிடித்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை, ஆனாலும் சிரித்தாள்.

“வாசிலி அண்ணே, பாதி வழியிலயே இறக்கிவிட்டுட்டீங்களே. காசைத் திருப்பிக் குடுங்க.”

யாக்கோ அவளையும் குழந்தையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். “சீ, எல்லாரும் பார்க்கறாங்க” என்றாள் மத்ரோனா. யாரும் பார்க்கவில்லை, அகாஃபியாவைத் தவிர. ஊர்க்காரர்கள் அப்போதுதான் தூரத்தில் ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.

வாசிலியின் கால்கள் முன்பக்கத் தகடுகளுக்குள் சிக்கியிருந்தன. ஆட்கள் வந்து இரும்புக் கம்பி போட்டு நெம்பும்வரை அகாஃபியா இறக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிடித்த கை வழுக்கியது. குனிந்து பார்த்தாள். இறக்கையின் முன்விளிம்பில் பனி விரல் தடிமனுக்கு ஏறியிருந்தது, சிப்பி ஒட்டிய கல்போலச் சொரசொரவென்று. அதோடு நிற்கவில்லை. இறக்கையின் அடிப்பக்கம் பாதி வரைக்கும் தண்ணீர் ஓடி, ஓடின தடத்திலேயே உறைந்து வரிவரியாக நின்றது. வாலுக்குப் போனாள். வாலில் அதைவிட மோசம். அங்கிருந்த சின்ன இறக்கை என்ன வடிவம் என்பதே தெரியவில்லை.

வாசிலியை வெளியே இழுத்தபோது அவர் கத்தவில்லை. பனியில் படுக்கவைத்தார்கள். அகாஃபியாவைப் பார்த்ததும், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். அவளிடம் பேசியதுபோலவே இல்லை, தனக்குத்தானே கணக்குப் போடுவதுபோல இருந்தது.

“மடலை இறக்கினேன். உடனே கட்டுப்பாட்டுப் பிடி கையிலிருந்து பிடுங்கிட்டு முன்னால போச்சு. ரெண்டு கையாலயும் இழுக்கறேன், வர மாட்டேங்குது. வாலு செத்துப்போச்சும்மா.” மூச்சு வாங்கினார். “மேகத்துக்குக் கீழ வந்தா பனி விட்டுடும்னு நினைச்சேன். கீழயும் தூறுது. தரை வரைக்கும் தூறுது. அது தெரிஞ்சிருந்தா பெத்தலுக்கே திரும்பியிருப்பேன்.”

அவர் அவளைக் குற்றம் சொல்லவில்லை. அவருக்கு அந்த எண்ணமே இல்லை. பக்கத்தில் யாக்கோ நின்றிருந்தான். அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான், பிறகு அவள் சட்டைக் கையைப் பார்த்தான். அதில் பனி மினுமினுத்தது.

ஊரின் சிறிய மருத்துவ அறையில் நதாலியா இருந்தாள். டாக்டர் இல்லை, டாக்டரிடம் போனில் கேட்டுக் கேட்டு வைத்தியம் பார்க்கிறவள். ஊரில் பாதிப் பேருக்குத் தையல் போட்டவள். வாசிலியின் கால்களுக்குக் கட்டை வைத்துக் கட்டினாள். குழந்தையை அவிழ்த்து, புரட்டி, தடவிப் பார்த்து, “இது என்ன, ஒரு கீறல்கூட இல்ல. யாருடி உன்னைச் செஞ்சது?” என்று கொஞ்சினாள். மத்ரோனா நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு ஒண்ணுமில்ல. பெல்ட்டு வயித்துல அழுத்திடுச்சு, அவ்வளவுதான். வீட்டுக்குப் போலாம். யாக்கோ ஏதோ சமைச்சிருக்கானாமே, அதைச் சாப்பிட்டா இதைவிட மோசமாகும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும்போதே டீக் கோப்பை அவள் கையிலிருந்து நழுவியது. அவள் அதைப் பிடிக்க முயலவில்லை. விழுந்து உடைந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஏதோ வேறு யாருடைய கோப்பை போல. “நதாலியா, இந்த ரூம் ஏன் இருட்டா இருக்கு?” என்றாள்.

நதாலியா அவளைப் படுக்கவைத்து வயிற்றில் கை வைத்தாள். கையை எடுத்தாள். மறுபடி வைத்தாள். வயிறு பலகைபோல இருந்தது. அவள் முகம் மாறியதை அகாஃபியா பார்த்தாள். நதாலியா எழுந்து போய்ப் போனில் தாழ்ந்த குரலில் பேசினாள். அகாஃபியாவின் காதில் இரண்டு வார்த்தை விழுந்தது. உள்ளே. ரத்தம்.

பெத்தலிலிருந்து ஆம்புலன்ஸ் விமானம் கிளம்பிவிட்டது என்று நதாலியா வெளியே வந்து சொன்னாள். இரண்டு எஞ்சின், பெரியது, பனியை உடைக்கிற வசதியெல்லாம் உண்டு. “ஆபரேஷன் பண்ணணும். சீக்கிரம் போனா பிழைச்சுக்குவா” என்றாள். போகாவிட்டால் என்ன என்று யாரும் கேட்கவில்லை.

அகாஃபியா மறுபடி தளத்துக்குப் போனாள். யாக்கோவும் வந்தான். இருட்டிவிட்டிருந்தது. தளத்தின் இரு பக்கமும் விளக்குகள் கோடி வரைக்கும் பளிச்சென்று தெரிந்தன. ஊர்க்காரர்கள் தளத்தைவிட்டு ஓரமாக இழுத்துப் போட்டிருந்த உடைந்த விமானம் முனையில் கறுப்பாகக் கிடந்தது. தூறல் நிற்கவில்லை. விளக்கு வெளிச்சத்தில் அது இறங்குவது தெரிந்தது. கொஞ்சம் பெரிய துளிகள் இப்போது.

ரேடியோ கரகரத்ததும் யாக்கோ சொன்னான். “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு.”

அவள் அவனைப் பார்த்தாள்.

“கேக்குதா? விளக்கு தெரியுதான்னு கேப்பான். தெரியுதுன்னு சொல்லு. வேற ஒண்ணும் பேசாத. உனக்குத்தான் பேசவே பிடிக்காதே.”

ரேடியோவில் புதுக் குரல். டெரன்ஸ் என்று பெயர் சொன்னார். வெளியூர்க்காரர், குரலில் அவசரம் இல்லை. “ஓடுதளத்துல யாராவது இருக்கீங்களா? கோடி விளக்கு தெரியுதா?”

“தெரியுது” என்றாள் அகாஃபியா.

“காத்து?”

“தெக்க இருந்து. கொஞ்சமா.”

“ரொம்ப நல்லது. இறங்கறேன்.”

யாக்கோ பெருமூச்சு விட்டான். அவள் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. விரல் வெளுத்துப் போயிருந்தது.

“இன்னொண்ணு” என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. “தூறுது. தரை வரைக்கும். விழுந்த இடத்துல உறையுது.”

“ஏய்!” என்றான் யாக்கோ.

“சரிம்மா, சொன்னதுக்கு நன்றி. எங்க இறக்கையில காத்தடைச்சு உப்பிப் பனியை உடைக்கிற ரப்பர் இருக்கு. கவலைப்படாத.”

“ரப்பர் எங்க இருக்கு?”

“முன்விளிம்புல.”

“பனி அங்க மட்டும் இல்ல.” மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். “இங்க விழுந்து கிடக்கிற விமானத்தைப் பார்த்தேன். இறக்கைக்கு அடியில பாதி வரைக்கும் தண்ணி ஓடி உறைஞ்சிருக்கு. வால்லயும் அப்படித்தான். வாசிலி அண்ணன் மடலை இறக்கினதும் தலைகீழாச் சாய்ஞ்சிடுச்சு. இப்ப அப்போதைவிடத் துளி பெருசு.”

மேகத்துக்கு மேலே எங்கோ எஞ்சின் சத்தம் கேட்க ஆரம்பித்தது. யாக்கோ அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். “நல்லா இருக்குன்னு சொல்லு. அகாஃபியா, உன் காலைப் பிடிக்கிறேன். வந்துட்டான், சத்தம் கேக்குது பாரு. பெரிய ப்ளேன்டி அது. ஒண்ணும் ஆகாது.”

ஆகாமலும் போகலாம். அதுதான் அவளை வெட்டிப்போட்டது. ஒன்றும் ஆகாமல் இறங்கி, மத்ரோனாவை ஏற்றிக்கொண்டு, ஒன்றும் ஆகாமலே போய்விடலாம்.

“அடிபட்டவங்க எப்படி இருக்காங்க?” என்று டெரன்ஸ் கேட்டார். குரலில் இப்போது பழைய நிதானம் இல்லை.

“மோசம்.”

“காலை வரைக்கும் தாங்குவாங்களா?”

“தெரியாது.”

“இங்க நான், நர்சு, இன்னொரு பைலட்டு. மூணு பேர் இருக்கோம்.” கொஞ்சம் நிறுத்தினார். “நான் அங்க இல்ல, நீதான் பார்த்துக்கிட்டிருக்க. நீ என்ன சொல்ற? வரட்டுமா?”

அவளை வாழ்நாளில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கரும்பலகைக்கு முன்னால் நின்றபோதுகூடக் கேள்விக்கு ஒரு சரியான விடை இருந்தது, அவளுக்குத் தெரியாவிட்டாலும்.

“வராதீங்க” என்றாள்.

சத்தம் தலைக்கு மேல் வந்தது. ஒரு கணம் அங்கேயே நின்றதுபோலிருந்தது. பிறகு மெல்ல வளைந்து, வடக்கே போய், தேய்ந்து, தூறலின் சத்தம் மட்டும் மிச்சமிருந்தது.

யாக்கோ அவள் தோளிலிருந்து கையை எடுத்தான். “அப்ப வாயை மூடிக்கிட்டு இருந்த. இப்ப பேசற” என்றான். கத்தவில்லை. “வாசிலிகிட்ட இதைச் சொல்லியிருந்தா மத்ரோனா பெத்தல்லயே இருந்திருப்பா. இவன்கிட்டச் சொல்லாம இருந்திருந்தா இன்னும் கொஞ்ச நேரத்துல பெத்தலுக்குப் போயிருப்பா. ரெண்டு தடவையும் மாத்திச் செஞ்சிருக்க. எப்படிடி? யோசிச்சா செஞ்ச?”

அவன் நடந்தே ஊருக்குத் திரும்பினான். அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனாள். ஓட்ட வேண்டும் என்பது நினைவுக்கு வரவில்லை.

மருத்துவ அறையில் மத்ரோனாவின் பக்கத்தில் குழந்தையைக் கிடத்தியிருந்தார்கள். நதாலியா கையில் போனை வைத்துக்கொண்டு, மருந்துப் பையை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். மத்ரோனாவின் உதடு வெளுத்திருந்தது. அகாஃபியாவைப் பார்த்ததும் கண் கொஞ்சம் திறந்தது.

“ப்ளேனைத் திருப்பி அனுப்பிட்டியாமே.”

“ஆமாக்கா.”

“நீயா பேசின? அவன்கிட்டயா?”

“ஆமா.”

“எவ்வளவு நேரம்?”

“கொஞ்ச நேரம்.”

“வெளியூர்க்காரன்கிட்டயா?” மத்ரோனாவின் புருவம் உண்மையான ஆச்சரியத்தில் உயர்ந்தது. “அடிப் பாவி. நான் இல்லாம எப்படிப் பேசின?”

அதற்கு மேல் அவள் தெளிவாகப் பேசவில்லை. குளிர்கிறது என்றாள். அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டேன் என்றாள், எந்த அடுப்பு என்று தெரியவில்லை. குழந்தை பசிக்கு அழுதபோது நதாலியா அதை அவள் மார்பில் பிடித்தாள், கொஞ்சம் குடித்தது. யாக்கோ கட்டிலின் அந்தப் பக்கம், அகாஃபியா இந்தப் பக்கம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். விடிவதற்கு முன்னால் அகாஃபியா பிடித்திருந்த கை வெறும் கை ஆயிற்று. எந்த நிமிஷத்தில் என்று அவளுக்குத் தெரியாது. கவனித்துக்கொண்டேதான் இருந்தாள், ஆனாலும் தெரியவில்லை.

அவள் அழவில்லை. அழுகை எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குள் காற்று வடக்கே திரும்பிவிட்டது. தூறல் நின்று, மேகம் விலகி, குளிர் கத்தியாக இறங்கியது. இந்த நேரத்தில் வேலைக்குப் போகவேண்டும் என்று அவள் கால்களுக்குத் தெரிந்திருந்தது. வாசிலியைப் பெத்தலுக்குக் கொண்டுபோக வேண்டும். யாரோ அவளைத் தடுத்தார்கள். நதாலியா, “விடுங்க, வரட்டும்” என்றாள்.

வானம் அப்படியொரு நீலம். விமானம் சத்தமே இல்லாததுபோல மிதந்து வந்து சரளையைத் தொட்டது. வாசிலியை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். அவர் அகாஃபியாவைக் கடக்கும்போது கையை நீட்டி அவள் சட்டையின் நுனியைப் பிடித்தார், பிறகு விட்டுவிட்டார்.

விமானத்திலிருந்து இறங்கிய டெரன்ஸ் உயரமான மனிதர், தாடி நரைத்தவர். அவள் கையிலிருந்த ரேடியோவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. நேராக அவளிடம் வந்தார்.

“நீதானா அது? குரலைக் கேட்டு ஏதோ பெரிய பொம்பளைன்னு நினைச்சேன். பாரும்மா, நேத்து திரும்பறப்ப, அந்தக் கொஞ்ச தூரத்துலயே எங்க இறக்கையில என்ன ஏறியிருந்துச்சு தெரியுமா? ரப்பர் அடிக்குது, முன்னாடி உடையுது, பின்னாடி அப்படியே நிக்குது. பெத்தல்ல தட்டுத்தடுமாறித்தான் இறங்கினோம். இங்க இறங்கியிருந்தா முடிஞ்சுது. என் நர்சுக்கு ரெண்டு பசங்க. அவ ராத்திரி பூரா அழுதா. உன்னைப் பார்த்தா கட்டிப்பிடிச்சுக்கணும்னு சொல்லிவிட்டா.” அவர் சிரித்தார். அவள் தலைக்கு மேலாக ஊர்ப்பக்கம் பார்த்தார். “சரி, அந்த அடிபட்ட அம்மா எங்க? நேத்து ரெண்டு பேர்னு சொன்னாங்க, அதுக்கப்புறம் எனக்கு ஒரு தகவலும் வரல. எப்படி இருக்காங்க இப்ப?”

அகாஃபியா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நதாலியாதான் சொன்னாள். “அவ இல்லைங்க. விடியறதுக்கு முன்னாடி போயிட்டா.”

“ஐயோ.” அவர் தொப்பியைக் கழற்றினார். “சின்ன வயசா? அவங்க வீட்டு ஆளுங்க யாராவது இருக்காங்களா? நான் ஒரு வார்த்தை பேசணும். ஏன் வர முடியலேன்னு நானே சொல்லணும்.”

நதாலியா அகாஃபியாவின் பக்கம் தாடையை லேசாக நீட்டிக் காட்டினாள்.

“செத்துப்போனது இவளோட அக்காதாங்க.”

டெரன்ஸ் திரும்பினார். அவருக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்தது அவர் கண்ணில் தெரிந்தது. நேற்று வரட்டுமா என்று யாரிடம் கேட்டோம் என்பது, அவள் யாரைப் பணயம் வைத்து அந்த ஒரு வார்த்தையைச் சொன்னாள் என்பது. அவர் வாயைத் திறந்தார். குளிரில் மூச்சு மட்டும் புகையாக வந்தது. கையை அவள் பக்கம் நீட்டப் போனவர், அதில் தொப்பி இருப்பதைப் பார்த்து, அது என்ன என்று தெரியாததுபோல நின்றார்.

பிறகு தலையைக் குனிந்துகொண்டு, தொப்பியைப் போட்டுக்கொள்ளாமலே நடந்து போய், விமானத்தில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.